பதினைந்தாவது உருப்படி

கிரேன்காரர் வீட்டு அழுக்குக் கூடையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருடையதும் அல்லாத ஆண் சட்டை ஒன்று கிடந்தது. அடுத்த வெள்ளியும் கிடந்தது. வெளிர் நீலம், முழுக்கை, இடது மார்பில் ஒரே பை. காலரில் அழுக்கு வளையம், முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்த கோடு, வலது கைப்பட்டியில் எண்ணெய்க் கறை. கிரேன்காரரைவிட இரண்டு விரற்கடை பெரிய ஆளின் அளவு. இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி வெதுவெதுப்பாக வேறு இருந்தது.

அந்த வீட்டில் மூன்று பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பாட்டில் தொழிற்சாலையில் லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று நின்றபடியே பார்க்கிற அவர் மனைவி, ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை மாற்றுகிற கிரேன்காரரின் அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதவைச் சாத்திய பிறகும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பதால் தெருவில் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த காலோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குவது என்ன கனம் என்று மூன்று பேருக்குமே தெரியும். அதனால் துணி வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் துவைப்பது, ஒருவர் தேய்ப்பது, ஒருவர் மடித்து அலமாரியில் வைப்பது. வாரம் மாறினால் முறை மாறும். ஆம்பளையும் சேர்ந்து துவைக்கிற வீடு என்று தெருவில் மெச்சிக்கொண்டார்கள். உள்ளே சங்கதி வேறு. ஒரு தடவை தாழ்ப்பாளின் வெள்ளைச் சீருடை ரோஜா நிறமாகிக் கொடியில் தொங்கியது. தெரியாமல் நடந்துவிட்டது என்று மனைவி சொன்னார். தெரிந்தே நடந்தது என்று தாழ்ப்பாள் நம்பினார். அன்றிலிருந்து துவைத்தவர் தேய்க்கிறவரிடமும், தேய்த்தவர் மடிக்கிறவரிடமும் உருப்படிகளை வாய்விட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஒருவர் கையை இன்னொருவர் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். வாரத்துக்குப் பதினாலு உருப்படி. ஏழு வருஷமாகப் பதினாலு.

ஆகையால் அந்த முதல் வெள்ளிக்கிழமை மனைவி எண்ணிக்கொண்டே வந்து பதினைந்து என்று சொன்னபோது மற்ற இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"இது யாரோடது?" என்றார் கிரேன்காரர்.

"தெரியல. கூடையில கெடந்துச்சு, துவைச்சேன்."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"தெரியலன்னு அர்த்தம்."

தாழ்ப்பாள் சட்டையைக் கையில் வாங்கி, காலரைத் திருப்பிப் பார்த்து, தம்பியிடம் நீட்டினார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. சட்டை சொல்லுது."

அன்றிலிருந்து மூன்று பேரும் மூன்று விதமாகச் சந்தேகப்பட்டார்கள். பாட்டில் தொழிற்சாலையில் உயரமான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார் என்று தாழ்ப்பாள் விசாரித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளி எவனோ விட்டுப்போன சட்டையை நாத்தனார்தான் வாராவாரம் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறார், தன்னை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்கு என்று மனைவி நினைத்தார். கிரேன்காரர் தனக்குத் தெரிந்த ஆட்களில் தன்னைவிட இரண்டு விரற்கடை பெரியவர்கள் யார் யார் என்று யோசித்து ஆறு பேரைப் பிடித்தார். கிரேனுக்கு மேலே உட்கார்ந்து பார்த்தால் எல்லா ஆளும் ஒரே உயரம் என்பது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

சட்டையைக் குப்பை வண்டியில் போட்டார்கள்; அடுத்த வெள்ளி கூடைக்குத் திரும்பி வந்தது. ஆற்றில் விட்டார்கள், சேற்றோடு வந்தது, இரண்டு தண்ணீர் கூடுதலாக அலச வேண்டியிருந்தது. கத்தரித்துத் தரை துடைக்கப் போட்டார்கள். தையல் போட்டுக்கொண்டு வந்தது, அதுவும் நல்ல தையல். கடைசியில் கிரேன்காரர் அதைத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கொண்டுபோனார். முப்பது வருஷமாக ஊர் உடுப்பையெல்லாம் தேய்த்தவர் அவர். காலரைத் தடவினார், அக்குளை முகர்ந்தார், வலது தோள் சற்றே நைந்திருப்பதைக் காட்டினார். சுமை தூக்குகிற ஆள், உட்கார நேரமில்லாத ஆள், பொத்தானைப் பிய்க்காமல் நிதானமாகக் கழற்றுகிற ஆள் என்று வரிசையாகச் சொன்னார். "நல்ல மனுஷன்தாங்க" என்று முடித்தார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் கிரேன்காரரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கெட்டவனாக இருந்தால்கூட மனைவி ஏமாந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாவது வாரம் அவர் மனைவியிடம், மூன்று ஸ்டேஷன் தள்ளியிருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். மனைவி அழவில்லை. அந்த வாரம் உடுத்த வேண்டியவை போகத் தன் உடுப்புகளை அலமாரியிலிருந்து பிரித்தெடுத்து ஒரு பையில் அடுக்கி, பையை ஆணியில் மாட்டினார். இந்த வெள்ளி துவைக்கிற முறை தன்னுடையது, அதை முடித்துவிட்டுச் சனிக்கிழமை காலை ரயிலுக்குப் போவதாகச் சொன்னார். முறையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போனாள் என்ற பேச்சு அவருக்கு வேண்டாம். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர் என்பதும், அங்கே தனக்குப் படுக்கிற இடம் அடுப்படி என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை கிரேன்காரர் லீவு போட்டார். மனைவி போவதற்கு முன்னால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவருக்கு வைராக்கியம். மனைவி தொழிற்சாலைக்கும் அக்கா ஆஸ்பத்திரிக்கும் போனதும் கதவை உள்பக்கம் பூட்டினார். ஜன்னல்களைச் சாத்தினார். கூடையைக் கவிழ்த்துத் தட்டி, பதினாலு உருப்படிகளையும் ஒவ்வொன்றாக எண்ணித் திரும்பப் போட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மணி நாலு அடிக்கும்போது கூடையில் பதினைந்து இருந்தது. வந்ததை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. நீலச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கை வெளியே தொங்க, வெதுவெதுப்பாகக் கிடந்தது.

வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. ஒன்பது வாரமாக அவர் மனைவியிடம் கேட்ட கேள்வியை இப்போது யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாலேகாலுக்குக் குப்பை வண்டி தெருவுக்குள் மணியடித்துக்கொண்டு வந்தது. சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே போனார். ஒரு நிமிஷ வேலை. மனைவி வந்து துவைத்தால் பதினாலு, காலையில் ரயில். வண்டி வாசலில் நின்றது. வண்டிக்காரர் ஏதாவது இருக்கிறதா என்று குரல் கொடுத்தார். கிரேன்காரர் இல்லை என்றார். பிறகு போய் வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து, தன் முறை இல்லாத ஒரு வாரத்தில், பதினைந்தையும் துவைத்துக் காயப்போட்டார்.

மனைவி வந்து கொடியைப் பார்த்தார்.

"யாரு துவைச்சது?"

"நான்தான்."

"அது யாரோடது?"

"தெரியல."

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரல. உள்ள பூட்டித்தான் இருந்தேன்."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

கிரேன்காரர் கொடியில் நீலச் சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டார். அப்போதுதான் உள்ளே வந்த தாழ்ப்பாளும் கொடியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று ஆரம்பித்தவர், முதல் தடவையாக, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மனைவி முகம் கழுவிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் நாளைக்குப் போகல. நீங்க பதில் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து வெகு காலம் ஆயிற்று, இன்னும் வரவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, காலருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே, பதில் கிடைத்ததா என்று மனைவி கேட்பார். யோசித்துக்கொண்டிருப்பதாகக் கிரேன்காரர் சொல்வார். பை இரண்டு வருஷம் ஆணியில் தொங்கியது. உள்ளே இருந்த உடுப்புகள் பூஞ்சை வாடை அடிக்க ஆரம்பித்தபோது அவற்றைத் துவைக்க வேண்டியதாயிற்று. துவைத்ததைத் தேய்த்தார்கள். தேய்த்ததைத் திரும்பப் பையில் திணித்துக் கசக்க மனம் வராமல் மடித்து அலமாரியில் வைத்தார்கள். சந்தேகம் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. சோப்பு சீக்கிரம் கரைந்தாலும், பொத்தான் காணாமல் போனாலும், இஸ்திரிப் பெட்டி சூடு பிடிக்காமல் மக்கர் பண்ணினாலும் மூன்று பேரும் கொடியில் ஆடும் நீலச் சட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அதுவும் வீட்டில் ஒருவர் மாதிரி பழி ஏற்றுக்கொண்டது. மூவருக்கும் தலை நரைத்தது. சட்டை வெளுத்தது.

பதினெட்டாவது வருஷம் ஒரு வெள்ளி அது வரவில்லை. தாழ்ப்பாள் மூன்று தடவை எண்ணினார், பதினாலுதான். கிரேன்காரர் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சட்டை நின்றுவிட்டால் கேள்வியும் நின்றுவிடும். கேள்வி நின்றுவிட்டால் மனைவிக்கு இந்த வீட்டில் காத்திருக்க என்ன இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். மறுநாள் இஸ்திரிக் கடையில் போய் விசாரித்தார். குப்பை மேட்டில் தேடினார், ஆற்றங்கரையில் அரை நாள் நடந்தார். வீட்டில் பெண்கள் இருவரும் அவரைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் கழித்து என்னத்தைச் செய்து தொலைத்தாரோ என்று அவர்கள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அடுத்த வெள்ளி கூடையில் கிடந்தது. இரண்டு வார அழுக்கு, இடது முழங்கையில் நீளக் கிழிசல். மனைவி அதை எடுத்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா எங்க போயிருந்துச்சு?"

"தெரியல" என்றார் கிரேன்காரர்.

"தெரியலன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் வாளியைக் கணவர் பக்கம் தள்ளினார். அந்த வாரம் துவைக்கிற முறை கணவருடையது. தாழ்ப்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார். கையை எங்கே கொண்டுபோய் மாட்டிக்கொண்டு வந்தானோ, இந்த வயசில் பார்த்து நடக்க வேண்டாமா என்று சட்டையைத் திட்டிக்கொண்டே, அது துவைத்துக் காய்ந்து வருவதற்காகக் காத்திருந்தார்.