ஒரிஜினல் காளான்

மிளகுக் கொடிகளுக்கு நடுவே மேட்டில் ஏறிக்கொண்டே பேசினாள் நிரஞ்சனி. பின்னால் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை.

அதைத்தான் சந்திரகாந்தாவால் பொறுக்க முடியவில்லை.

மாத்தளையிலிருந்து நாலந்தா போகும் வழியில், ரோட்டோரமாக இருந்தது ஜுனைதீன் முதலாளியின் வாசனைத் தோட்டம். கறுவாப்பட்டை, ஏலம், சாதிக்காய், வனிலா என்று சுற்றிக் காட்டி, கடைசியில் கடைக்குள் அழைத்துப்போய் எண்ணெயும் தூளும் விற்கிற இடம். சந்திரகாந்தா வாயைத் திறந்தால் போத்தல் நகரும் என்பது அந்த ரோட்டில் ஓடும் வேன் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். "சந்திரா இல்லாட்டி கடை இல்ல" என்று முதலாளியே சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது.

அப்புறம் காளான் வந்தது.

ரெய்ஷி தூக்கத்துக்கு, சிங்கப்பிடரி ஞாபகத்துக்கு, கோர்டிசெப்ஸ் தெம்புக்கு என்று லேபலில் போட்டிருந்தது. தூளாகவும் இருந்தது, கெப்சூலாகவும் இருந்தது. இரத்தோட்டைப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த நிரஞ்சனியின் தலையில் அதைக் கட்டினார் முதலாளி.

"காளானா? மழ பேஞ்சா எங்க லயத்துக்குப் பின்னால சும்மா மொளைக்கும்" என்று சந்திரகாந்தா சிரித்தாள்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. காளான் விற்றது. நிரஞ்சனி லேபலை வாசிக்கவே இல்லை. தன் கதையைச் சொன்னாள்.

"போன வருசம் என்னப் பாத்திருந்தா பயந்திருப்பீங்க. கண்ணு மங்கல், காலு எரிச்சல், எப்பப் பாரு தாகம். நாலு படி ஏறினா ஒக்காந்துருவேன். இப்ப தெனமும் காலையில இந்தக் காளான் கோப்பிதான். நீங்களே பாருங்க."

பார்த்தார்கள். கன்னத்தில் மினுமினுப்பு, கண்ணில் வெளிச்சம். வாங்கிக்கொண்டு போனார்கள்.

சந்திரகாந்தாவும் பார்த்தாள். தன் முகத்தையும் கடைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு, யாருக்கும் தெரியாமல், கடை ராக்கைத் தட்டிலிருந்த கெப்சூலை விழுங்க ஆரம்பித்தாள். வாரக்கணக்கில் விழுங்கினாள். ஏப்பம் மட்டும் மண் வாசனையோடு வந்தது. மேடு ஏறினால் முழங்கால் பழையபடி முனகியது.

வேறு யாராக இருந்தாலும், 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று விட்டிருப்பார்கள். சந்திரகாந்தா வாசனைத் தோட்டத்துக்காரி. அந்தத் தொழிலின் முதல் பாடம் அவளுக்கு அத்துப்படி: ராக்கையில் இருப்பது வருகிறவர்களுக்கு, ஒரிஜினல் வேறு இடத்தில் இருக்கும். சந்தன எண்ணெயில் தேங்காயெண்ணெய் கலக்கிற கையே அவளுடையதுதான். கலக்காத போத்தலைத் தன் முழங்காலுக்கென்று ஒளித்து வைப்பவளும் அவள்தான். அப்படியானால் நிரஞ்சனி தன் ஒரிஜினலை எங்கே ஒளித்திருக்கிறாள்?

ஒரு காலையில் விடை கிடைத்தது.

ஸ்டோர் அறைக் கதவிடுக்கில் பார்த்தாள். நிரஞ்சனி தன் பேக்கிலிருந்து காளான் லேபல் ஒட்டிய போத்தலை எடுத்தாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். சின்னதாக, வெள்ளையாக ஒரு மாத்திரை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, இடியப்பப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

கடைக்குக் கெப்சூல். இவளுக்கு மாத்திரை.

சந்திரகாந்தா உள்ளே போனாள்.

"என்னாக்கா, அப்புடிப் பாக்குறீங்க?"

"ஒன் மொகத்தத்தான். என்னாடி போடுற?"

"காளான்தான். ராக்கையில இருக்கே, ஒங்களுக்கும் ஒண்ணு எடுத்துத் தரட்டா?"

"ராக்கையில உள்ளத நானே தினம் விக்கிறேன். நீ போடுறதக் கேட்டேன்."

நிரஞ்சனியின் கை பேக்கின் ஸிப்பை இழுத்து மூடியது. ஒரு கணம்தான். சந்திரகாந்தாவுக்கு அது போதும்.

அந்த வாரமே முதலாளி குண்டைப் போட்டார். "தம்புள்ளையில ரெண்டாவது கடை தொறக்கப் போறேன். வெள்ளிக்கிழம கொழும்புல இருந்து இராஜசிங்கம் ஐயா வாறாரு, டூர் கம்பனி நடத்துறவரு. அவருட பஸ் எல்லாம் நமக்கு வரணும். பாதித் தோட்டத்த சந்திரா காட்டட்டும், மீதியும் காளானும் நிரஞ்சனி. ஆருட பேச்சு அவருக்குப் புடிக்குதோ, அந்தப் புள்ளதான் தம்புள்ளைக்கு மெனேஜர்."

மெனேஜர். தனக்கென்று ஒரு மேசை, மேட்டில் ஏறவேண்டாத உத்தியோகம். அது தன்னுடையது என்று சந்திரகாந்தா என்றோ முடிவு செய்துவிட்டாள். நேற்று வந்தவள் அதில் உட்கார்வதை நினைத்தால் நெஞ்சுக்குள் கொச்சிக்காய் அரைத்ததுபோல எரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு விரதம். மாலையில் மாரியம்மன் கோயில் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காது. வெறும் வயிற்றோடு ஸ்டோர் அறைக்கு வந்தவள் நின்றாள். நிரஞ்சனி வேனை வரவேற்க கேட்டுக்குப் போயிருந்தாள். பேக் ஆணியில் தொங்கியது.

ஸிப்பைத் திறக்க எவ்வளவு நேரம்?

அவள் ஒன்று போடுகிறாள். எனக்கு வயது கூட. இரண்டு.

'மருந்துக்கு விரதம் கெடையாது தாயே' என்று அம்மனுக்குச் சொல்லிவிட்டு விழுங்கினாள்.

இராஜசிங்கம் வெள்ளைச் சேர்ட்டில், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர்போல நடந்தார். சந்திரகாந்தா வெளுத்து வாங்கினாள். மிளகுக்கு ஒரு கதை, வனிலாவுக்கு ஒரு பகிடி. மனிதர் இரண்டு முறை சிரித்துவிட்டார். மேட்டில் ஏறினாள், மூச்சு வாங்கவில்லை என்றே தோன்றியது. கால் காற்றில் மிதந்தது. 'பாத்தியாடி, வேல செய்யுது' என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஏலச்செடிக்கருகில் வியர்த்தது. நல்ல நிழல் அது.

கறுவா மரத்தைத் தாண்டியதும் விரல்கள் நடுங்கின. பசி, இதுவரை தெரியாத ஒரு பசி, வயிற்றைப் பிடித்து உலுக்கியது. கையில் ஒரு காயை எடுத்தாள். ஆயிரம் தடவை எடுத்த காய்.

"இது வந்து ஐயா… இது…"

பெயர் வரவில்லை.

"சாதிக்காய்தானே பிள்ளை?" என்றார் இராஜசிங்கம்.

பின்னால் நின்ற நிரஞ்சனியின் பார்வை முதுகில் சுட்டது. சந்திரகாந்தா திரும்பினாள். நிரஞ்சனி இரண்டாகத் தெரிந்தாள். இரண்டு பேருமே மினுமினுத்தார்கள். காய் உருண்டது. அவளும் மண்ணில் சரிந்தாள்.

"இவவுக்கு என்ன நடந்தது? ஏதும் சாப்பிட்டவவோ?" என்று பதறினார் இராஜசிங்கம்.

"காளான்…" சந்திரகாந்தாவின் நாக்கு குழறியது. "காளான் மாத்திர…"

இராஜசிங்கம் சாம்பிளுக்கென்று கையில் வைத்திருந்த காளான் போத்தலை, அது கொத்திவிடும் என்பதுபோல, பக்கத்து வாங்குப் பலகையில் வைத்தார். ஜுனைதீன் முதலாளியின் முகம் வெளுத்தது. "யா அல்லாஹ். நம்ம காளானா?"

நிரஞ்சனி மட்டும் ஓடிவந்து குனிந்தாள். சந்திரகாந்தாவின் கழுத்து வியர்வையைத் தொட்டாள். நடுங்கும் விரல்களைப் பிடித்தாள். அவள் குரல் காதுக்குள் இறங்கியது.

"அக்கா, என் பேக்ல உள்ளதயா எடுத்தீங்க? எத்தன?"

இரண்டு விரல் எழுந்தது.

"சாப்புட்டீங்களா?"

"வெள்ளி… கெழம…"

நிரஞ்சனி எழுந்து கடைக்குள் பாய்ந்தாள். விற்பனைக்கு வைத்திருந்த கித்துல் வெல்லப்பாணிப் போத்தலோடு வந்து, மூடியைத் திருகி, சந்திரகாந்தாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "முழுங்குங்கக்கா. மெதுவா. இன்னும் கொஞ்சம்." பாணி நாடியில் வழிந்து சேலையில் ஒட்டியது. சிறிது நேரத்தில் இரண்டு நிரஞ்சனிகளும் ஒன்றானார்கள்.

"ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போகணும் முதலாளி. இந்த மாத்திர திரும்ப எறக்கிரும். த்ரீவீல் ஒண்ணு கூப்புடுங்க."

"என்னா மாத்திர? காளான் சாப்பிட்டா மயக்கம் வருமா? சொல்லு புள்ள" என்றார் முதலாளி.

நிரஞ்சனி பாணிப் போத்தலை மூடினாள். வாங்கில் கிடந்த போத்தலைப் பார்த்தாள். இராஜசிங்கத்தைப் பார்த்தாள். தம்புள்ளை மெனேஜர் வேலை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கும் அது தெரிந்தது.

"காளான் இல்ல முதலாளி. சீனி வருத்த மாத்திர, ரத்தத்துல சீனிய எறக்குறது. என்னோடது. கிளினிக்ல குடுத்தது."

"ஒனக்கா? சீனியா?"

"வீட்டுல மாப்புள பாத்துக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா எவனும் வர மாட்டான். அதான் காளான் போத்தல்ல போட்டு வச்சேன். நான் தெம்பானது இந்த மாத்திரையாலதான். காளான் கோப்பியும் குடிக்கிறேன். அது என்னா செய்யுதுன்னு எனக்குத் தெரியாது."

முதலாளிதான் முதலில் கேட்டார்.

"சரி, ஒண்ட மாத்திர அவட வாய்க்கி எப்புடிப் போச்சு?"

நிரஞ்சனி சந்திரகாந்தாவைப் பார்த்தாள். "அது… நான்தான் மாத்தி…"

சந்திரகாந்தாவுக்குப் புரிந்தது. பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். முகம் அவளுக்கு, பேச்சு அவளுக்கு, இப்போது இந்த நல்ல பேரும் அவளுக்கா? பாணி ஒட்டிய உதடுகளைப் பிரித்தாள்.

"பொய். அவ ஒண்ணும் தரல. நான்தான் பேக்கத் தொறந்து திருடினேன். ஒரிஜினல ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனச்சு."

"ஒரிஜினலா?" என்றார் முதலாளி. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தொழில் அவருடையதும்தானே. தலையைக் குனிந்துகொண்டார்.

இராஜசிங்கம் நிரஞ்சனியைக் காட்டினார். "ஜுனைதீன், என்ர பஸ்ஸுகளை உங்கட தம்புள்ளைக் கடைக்கு அனுப்பிறன். ஆனா அங்க இந்தப் பிள்ளைதான் நிக்கவேணும். தனக்கு நட்டம் எண்டு தெரிஞ்சும் உண்மையைச் சொல்லிச்சுது பாருங்கோ."

"நானும் உண்மதானே சொன்னேன்" என்றாள் சந்திரகாந்தா.

த்ரீவீல் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். நாளைவரை சீனியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் டொக்டர். நிரஞ்சனி கூடவே இருந்து, முகம் துடைத்துவிட்டு, தேத்தண்ணி வாங்கிவரப் போனாள். வார்டின் நீள நடையில் அவள் விறுவிறுவென்று போவதைப் பக்கத்துக் கட்டில் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது யாரு, ஒங்க தங்கச்சியா? மொகம் என்னா பளபளன்னு இருக்கு."

சந்திரகாந்தா கூரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "சீனி வருத்தக்காரி."

அந்தப் பெண் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"அப்புடியா? எந்தக் கிளினிக்குல மருந்து எடுக்குறாங்களாம்? கேட்டுச் சொல்லுங்களேன்."