அடைப்பை எடுத்துட்டு டிக்கெட்டைப் பத்திப் பேசு

மூன்று நாளாக நாமகிரியின் சமையலறை சிங்க் தண்ணீரை விழுங்க மறுத்தது. வெந்நீர் ஊற்றினாள். சோடா உப்பைக் கொட்டி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கம்பி விட்டுக் குடைந்தாள். குடையக் குடைய, கீழே போக வேண்டிய தண்ணீர் கறுப்பாக மேலே வந்து நின்றது.

நாசமாய்ப் போகிற சிங்க், அடைத்துக்கொள்ளவும் ஒரு நேரம் பார்த்ததே! அமெரிக்காவில் மகள் அலர்மேலுக்கு இன்னும் இருபது நாளில் தலைப்பிரசவம். விசா கைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை சொல்லிவைத்த சீட்டை டிராவல்ஸ்காரன் கிரண்குமார் இன்று மாலை நாலு மணி வரைக்கும்தான் பிடித்து வைப்பானாம். அதற்குள் போன் செய்து சரி என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விடாமல்தான் அவள் கணவர் தோதாத்ரி ஒரு வாரமாக ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் திருப்பதி கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். போகாதே என்று ஒருநாளும் வாய் திறந்து சொல்ல மாட்டார். முந்தாநாள் அவருக்கு முழங்கால் வலி. நேற்று அடுத்த மாதத்துத் திதி. இன்றைக்கு சிங்க்.

காலையில் நெற்றிக்குத் திருமண் இட்டுக்கொண்டு, அது குழைத்த கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்குள் வந்தவர், சிங்க் தளும்பி நிற்பதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். கிண்ணத்தை மேடையில் டக்கென்று வைத்தார்.

"நெய்யும் எண்ணெயும் ஊத்தறே. சாதத்தை அலம்பி விடறே. அடைச்சுக்காம என்ன பண்ணும்? ஒரு சிங்கை ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்லை, அமெரிக்காவுல போய்ப் பிரசவம் பார்க்கப் போறாளாம்! முதல்ல அடைப்பை எடுத்துட்டு டிக்கெட்டைப் பத்திப் பேசு."

நாமகிரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பருக்கை! இந்த வீட்டுக்குக் குடிவந்த நாலு வருஷத்தில் ஒரு பருக்கை அவள் அந்தக் குழாயில் விட்டதில்லை. வாணலியைக்கூடக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் தேய்ப்பாள்.

பதினொரு மணிக்கு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டிருந்த பிளம்பர் முனிகிருஷ்ணன் வந்தான். கார்வேட்டிநகரத்துக்காரன், பெங்களூரில் கட்டடங்களுக்குக் குழாய் போட்டுத் தொழில் பழகியவன். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் தோதாத்ரி வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"தளிகை உள்ளுக்குள்ள வெளி ஆள் வரப்படாது. பெருமாளுக்கு அமுது பண்ற இடம்."

முனிகிருஷ்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அப்போ சிங்க்க பேத்து இங்க கொண்டாந்து வெய்யுங்க சாமி. வாசல்லயே ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு போய்க்கினே இருக்கேன்."

"என்னடா, கிண்டலா?"

"கூப்ட்டனுப்பிச்சது நீங்கதான? வேல இல்லாம ஒண்ணும் நான் சுத்திக்கினு இல்ல."

நாமகிரிக்கு அவமானத்தில் காது சுட்டது. வந்த மனுஷனை வாசலில் நிற்க வைத்து இப்படியா பேசுவது! அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"யம்மா, சிங்குக்குக் கீழ வளைஞ்சிகினு ஒரு பைப்பு இருக்கும் பாருங்க. அதுல ரெண்டு பக்கமும் நட்டு. அடியில பக்கெட்ட வெச்சிட்டு, இந்த ரெஞ்ச போட்டு இடப்பக்கமா திருப்புங்க. கழண்டுரும். இன்னா இருந்தாலும் அந்த வளைவுலதான் இருக்கும். ரெஞ்ச சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

மத்தியானம் தோதாத்ரி சாப்பிட்டுவிட்டு ஹாலில் பேப்பரை விரித்தார். நாமகிரி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு சிங்கின் அடியில் தவழ்ந்து நுழைந்தாள். ஐம்பத்தாறு வயதில், இடுப்பு வலியோடு! நட்டு அசையவில்லை. துப்பில்லை என்றாரே, அதை நினைத்து ஒரு திருப்பு. பிரசவம் பார்க்கப் போறாளாம் என்றாரே, அதை நினைத்து இன்னொன்று. மூன்றாவது திருப்பில் நட்டு கிரீச்சென்று கழன்றது. மூன்று நாள் தண்ணீர் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு பக்கெட்டிலும் அவள் மடியிலும் கொட்டியது.

வளைவுக் குழாயைத் தரையில் தட்டினாள். கொழுக்கட்டை அளவுக்கு ஒரு கட்டி வெளியே விழுந்தது. விரலால் உடைத்தாள். ஒரு பருக்கை இல்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று மண். நடுநடுவே சிவப்பு ரேகை.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திருமண்! நடுவில் இட்டுக்கொள்ளும் ஸ்ரீசூர்ணத்தின் சிவப்பு! திருமண் கரைத்த தண்ணீர் கால் படும் இடத்தில் விழக்கூடாது. பழைய வீட்டில் துளசியடியில் ஊற்றுவார். இங்கே மூன்றாம் மாடியில் துளசி பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. அதில் ஊற்றினால் கீழ்வீட்டு பால்கனியில் சொட்டிச் சண்டை. குளியலறை ஆசாரமில்லை. வீட்டிலேயே சுத்தமான இடம் எது? தளிகை உள். நாலு வருஷமாக, தினமும் காலையில், அவர் கையாலேயே அந்தக் குழாய்க்குள் மண்ணைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். அவளும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பாவி!

குழாயை மாட்டினாள். தண்ணீரைத் திறந்தாள். சளசளவென்று இறங்கிப் போயிற்று. கட்டியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் அவர் பேப்பரின் மேலேயே வைத்தாள்.

"என்னடி இது கண்றாவி?"

"நீங்களே பாருங்கோ. நெய்யா? சாதமா?"

பார்த்தார். நெற்றியில் இருப்பதே தட்டிலும் இருந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

"வேற எங்கடி கொட்டறது?" என்றார். குரல் பாதி இறங்கியிருந்தது.

"என்னைக் கேட்டிருந்தா ஒரு குவளையில பிடிச்சு வெச்சு, தெளிஞ்சதும் தொட்டி மண்ணுல கலந்திருப்பேன். கேட்டேளா? திட்ட மட்டும் தெரிஞ்சது. மூணு நாள்! பொண்ணு அங்க ஒத்தையா வயித்தைப் பிடிச்சுண்டு நிக்கறா, நான் இங்க நீங்க பண்ணின அடைப்புக்கு ஏச்சு வாங்கிண்டு நிக்கறேன்!"

மணி மூன்றே முக்கால். நாமகிரி போனை எடுத்து எண்களை அழுத்தினாள். தோதாத்ரி தட்டை ஏந்திக்கொண்டு எழுந்தார். குப்பையில் போட முடியாது, தரையில் வைக்க முடியாது, சிங்க் பக்கம் போகவே முடியாது. நடு ஹாலில் நின்றார்.

"கிரண்குமாரா? நான் அலர்மேல் அம்மா பேசறேன். டிக்கெட்டை உறுதி பண்ணிடுப்பா."

"சரேனம்மா, பண்ணிட்றேன். ரிட்டர்ன் எந்தத் தேதி போடட்டும்?"

"நாமகிரி," என்றார் தோதாத்ரி. "ரெண்டு மாசம்னு சொல்லு. போதும். தளிகைக்கு யாரு?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"தேதி போட வேண்டாம்ப்பா," என்றாள் போனில். "எப்போ வரணும்னு அங்க போய் நானே சொல்றேன்."