பிடிச்சிருக்கா

தோட்டத்துத் துரையைத் தவிர வேறு யாரையும் சோலைமலை உட்காரவிடாத டிரைவர் சீட்டில், அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி சண்முகவடிவு ஏறி உட்கார்ந்துவிட்டாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலை பிரேக் பெடலின் மேல் வைத்தாள். அவனோ கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றில், மாவுக்கட்டுப் போட்ட வலது காலை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணீர் கொண்டுவந்தவள், கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன லொறி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். மேல்மலைப் பாதையில் மழைச் சேற்றில் மாடு வழுக்கி விழுகிற இடத்திலும் உறுமிக்கொண்டு ஏறிவிடும். ஏறுவதில் குறையில்லை, இறங்குவதில்தான் வினை. கொழுந்து ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பெடலின் மேல் எழுந்து நின்றே மிதிக்க வேண்டும். போன மாதம் அப்படி நின்றும் அது நிற்கவில்லை. மண்மேட்டில் மோதித்தான் சோலைமலை நிறுத்தினான். கால் எலும்பு போயிற்று.

மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் ஒன்றைப் பூட்ட, ஹட்டன் கராஜிலிருந்து அலோசியஸ் வந்திருந்தான். இதற்கும் பிரேக் சரிவராவிட்டால் லொறியை விற்றுவிட்டு டவுன் முதலாளியின் லொறியை வாடகைக்குப் பிடிக்கப்போவதாகத் துரை சொல்லிவிட்டார். அப்படி நடந்தால், கால் கூடியதும் சோலைமலை மண்வெட்டியோடு, காலையில் கூலியாள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நிற்க வேண்டியதுதான். பிரேக் சரியா இல்லையா என்று சாயங்காலம் அவன் வாயாலேயே துரைக்குச் சொல்ல வேண்டும்.

பூட்டியாயிற்று. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. காற்று இருந்தால் பெடல் பஞ்சாக அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை அமுக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து, எண்ணெயோடு காற்றுக் குமிழ் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். கீழே கிடப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அக்கா, அமுக்குங்க!"

"அமுக்கிட்டேன்!"

"புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு தம்பி!"

மலைத்தண்ணீர் கொட்டும் பக்கத்துப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்னாடி வடிவு, லயம் பூரா கேக்குற மாதிரி சொல்ற! அந்தத் தம்பிக்குப் புடிச்சிருக்கான்னு நீயும் கேளேன்!" என்றாள் காளியாயி.

வடிவு கோபித்துக்கொள்ளவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். சோலைமலைக்கு வயிறு எரிந்தது.

அலோசியஸ் வாய்க்கு வாய் அக்கா என்கிறவன், தப்பாக ஒரு பார்வைகூடப் பார்க்காதவன். அது தெரிந்தும் எரிந்தது. சீட்டுக்காக எரிகிறதா, சிரிப்புக்காக எரிகிறதா என்று சோலைமலைக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வடிவைப் பெண் பார்க்கக் கந்தப்பளைக்குப் போனபோது, பிடிச்சிருக்கா என்று எல்லோரும் அவனிடம்தான் கேட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவனும் கேட்டதில்லை. இன்று லொறிக்கடியில் கிடக்கிற ஒருவன் ஓயாமல் கேட்கிறான், இவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள்!

மூன்று சக்கரம் முடிந்தது. அலோசியஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அக்காவுக்கு என்னா நெதானமான காலுண்ணே! எங்க கராஜுல ஒருத்தனுக்கும் இப்படி வராது."

அதோடு சோலைமலையின் பொறுமை போயிற்று. "போதும், எறங்கு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவள் இறங்கிப் பீலிப் பக்கம் போனாள். அவன் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறி, மாவுக்கட்டை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, இடது காலால் அமுக்கினான். ஆத்திரத்தில் கீழே இருந்து சொல் வருமுன்னே காலை எடுத்துவிட்டான்.

"நான் மூடுறதுக்குள்ள விட்டுட்டீங்களேண்ணே! காத்து உள்ள போயிருச்சு."

மறுபடி அமுக்கினான். பழக்கமில்லாத கால் வெடவெடவென்று நடுங்கி வழுக்கியது. மறுபடியும் அதே கதைதான்.

"இப்படியே போனா வேல முடியாதுண்ணே. அக்காவக் கூப்புடுங்க."

கூப்பிட வேண்டியதாயிற்று. "வடிவு!" அவள் காதில் விழாதவள் போல வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். பீலியில் சிரிப்பு நின்றிருந்தது. "வடிவு, வா. நீதான் அமுக்கணும்."

"எறங்குன்னு சொன்னது எந்த வாயி?"

"இந்த வாயிதான். வா."

வந்தாள். அவனால் இறங்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்துகொண்டான். கடைசிச் சக்கரமும் முடிந்தது.

"கல்லு மாதிரி நிக்குதுங்க," என்றாள்.

"ஒனக்கு என்னா தெரியும்? நான் பாக்காம தொரகிட்டச் சொல்லமாட்டேன்."

மிதித்துப் பார்க்க, ஒரு கால் மாவுக்கட்டில் இருந்தது, இன்னொன்று தோற்றுப்போயிருந்தது. அவன் குனிந்து, அவள் காலடியில் கையை நீட்டிப் பெடலைப் பிடித்தான். பீலியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவன் பெண்டாட்டி காலில் விழுந்த மாதிரிதான் இருந்திருக்கும். "அடியாத்தே!" என்றாள் காளியாயி.

வடிவு பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, என்னாங்க இது, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். என் கை மேலயே மிதி."

தயங்கித் தயங்கி வைத்தாள். வெடித்த பாதம், ஈரத்தில் சில்லிட்டிருந்தது. அவள் மிதிக்க, பெடல் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

"எப்புடிண்ணே, சரியா இருக்கா?" என்று கீழேயிருந்து அலோசியஸ் கேட்டான்.

சோலைமலையின் விரல்கள் வலித்தன. குனிந்த தலையை நிமிர்த்தாமலே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"இன்னுங் கொஞ்சம் அழுத்து."