ஒன்பதாம் எண்ணுக்கு வெள்ளை

காலை ஐந்தரை மணிக்குச் சலவை அறைக் கதவைத் திறந்தபோது மஞ்சள் தாள் தரையில் கிடந்தது. மாடியில் கோச்சுகளின் கூட்டம் முடிந்ததும் யாராவது இறங்கி வந்து கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். யாருக்குக் கணுக்காலில் கட்டு, யாருக்குப் புதுத் தலைக்கவசம், யார் இன்று ஓய்வு என்று ஏழெட்டு வரிகள் இருக்கும். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். கடைசி வரியில் "9 – வெள்ளை" என்று மட்டும் இருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காபி போடப் போனேன்.

எங்களுடையது அமெரிக்கக் கால்பந்து அணி. பயிற்சியின்போது தடுப்பவர்களுக்கு நீலச் சட்டை, தாக்குபவர்களுக்கு வெள்ளை. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குகள் மூன்று பேருக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு போட்டவனை யாரும் தொடக் கூடாது. மொத்த ஆட்டமும் அவன் கையிலிருந்து கிளம்பும் பந்தை நம்பி இருப்பதால், அவன் எலும்பைப் பயிற்சியிலேயே முறித்துக்கொள்ள எந்த அணியும் தயாராக இல்லை. எனவே ஒன்பதாம் எண்ணுக்கு வெள்ளை என்றால், அவன் இனிமேல் பந்தை எறிகிறவன் இல்லை, எறிந்த பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர் என்று அர்த்தம். இதை நேரில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது கோச்சின் வேலை. ஆனால் தொண்ணூறு பேர் இருக்கிற முகாமில் யாருக்கு அந்த நேரமும் மனசும் இருக்கிறது? நாளடைவில் சட்டையே சொல்லிவிடும் என்று ஆகிவிட்டது. சட்டையை மாட்டுகிறவன் நான். பிறத்தியார் தலையெழுத்தை அவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டு, தெரியாதது போல் சாக்ஸ் மடித்துக்கொண்டிருப்பது இருபத்திநான்கு வருஷமாக என் பிழைப்பு. அலுத்துப்போய்விட்டது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதுதான்.

ஒன்பது என்பது ஜேரியஸ் பெட்வே. அலபாமா பையன், இருபத்திரண்டு வயது. கல்லூரியில் மூன்று வருஷம் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. எறிவதற்காகப் பந்தை வாங்குவான், யாராவது நெருங்கினால் எறிய மாட்டான், ஓடிவிடுவான். ஒரே பருவத்தில் ஆயிரத்து இருநூறு கெஜம் ஓடியிருக்கிறான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆனால் கல்லூரி வேறு, சம்பளத்துக்கு ஆடுவது வேறு. இங்கே தடுக்கிறவர்களும் அவனைப் போலவே வேகமானவர்கள், அவனைவிட ஐம்பது கிலோ கூட. முன்வரிசைக்காரர்கள் கட்டும் அரணுக்குள் மூன்று விநாடி அசையாமல் நின்று, தூரத்தில் இருப்பவனைக் கண்டுபிடித்து எறிகிறவன்தான் இங்கே நிலைப்பான் என்பார்கள். ஓடுகிறவன் நிலைப்பானா மாட்டானா என்று வசந்தகாலம் முழுக்கத் தொலைக்காட்சியில் கோட்டு போட்ட ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனன்கூட முடிவெட்டும் கடையில் இதற்காக ஒருத்தனோடு சண்டை போட்டுவிட்டு, பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தான்.

நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் கருப்பினத்து இளைஞன் ஒருவன் குவார்ட்டர்பேக் என்று சொல்லிக்கொண்டு இப்படி ஒரு முகாமுக்கு வந்தால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் வேறு இடம் கொடுத்துவிடுவார்கள். இப்போது அப்படியில்லை, எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் அந்தப் பழைய பயம் வீட்டுக்கு வீடு இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால்தான் பெட்வேயின் ஏஜென்ட் அந்தக் காரியத்தைச் செய்தார். வருஷா வருஷம் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களை எடுப்பதற்கு முன் எல்லா அணிக்காரர்களும் கூடி நின்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது கெஜம் ஓடச் சொல்வார்கள். ஏஜென்ட் அவனிடம் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஓடினால் நேரத்தைப் பார்த்து அன்றைக்கே ரிசீவராக்கிவிடுவார்களாம். நாட்டிலேயே வேகமான கால்களை வைத்துக்கொண்டு பையன் ஓரமாகக் கைகட்டி நின்றான். அடம் பிடிக்கிறவன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம். முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ போக வேண்டியவனை ஆறாவது சுற்றில் எங்கள் அணி எடுத்தது.

இங்கே வந்தும் அவனுக்கு விடிவில்லை. அதைப் பயிற்சி மைதானத்து ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிற எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. சிவப்பு போட்டவனைத் தொடக் கூடாது என்பதால், தடுக்கிறவன் இரண்டடி தூரத்துக்கு வந்தாலே ஹால்வர்சன் விசில் ஊதிவிடுவார். அவர்தான் குவார்ட்டர்பேக்குகளுக்கு கோச். விசில் ஊதினால் பிடிபட்டதாக அர்த்தம். அந்த இரண்டடியில்தான் பெட்வேயின் வித்தையே இருக்கிறது. தோளை ஒரு சாய் சாய்த்து வழுக்கிக்கொண்டு போய்விடுவான். போய் என்ன செய்வது, ஆட்டம் அதற்குள் செத்துவிட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் தனியாக நிற்பான். மூன்று வாரமாக இதேதான்.

நான் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டுபோய் அவன் அலமாரியில் மாட்டினேன். சிவப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது அவனே எதிரில் நின்றான். எல்லோரும் ஏழு மணிக்கு வந்தால் அவன் ஆறு மணிக்கே வந்து பந்துப் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வலையில் எறிந்து பழகுவான். எனக்கு அது மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்று இப்போது சொல்கிறேன்.

"மிஸ்டர் எம்மெட், சட்ட மாறிப்போச்சு போல."

"மாறல தம்பி."

அவன் அந்தச் சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஹால்வர்சன் நேத்து என் பக்கத்துலதான் உக்காந்து சாப்ட்டாரு. பன்னி வெலா நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவ வாங்கிட்டு வந்தாரு. எனக்கும் ஒரு துண்டு வச்சாரு. இதப் பத்தி ஒரு வார்த்த விடல."

"அவருக்குச் சொல்ல வாய் வந்திருக்காது."

"வெலா எலும்ப கடிக்க மட்டும் வாய் வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. நான் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி கிளியோட்டிஸ் வான்ஸ் என்கிறவனுக்கு நான் வெள்ளையை மாட்டினேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, தலைவழியாகப் போட்டுக்கொண்டு ரிசீவர்களோடு போய் நின்றான். இரண்டு வருஷம் ஓடினான், முழங்கால் போனது, ஊருக்குப் போய்விட்டான். கடைசி நாள் என்னிடம் கைகொடுத்துவிட்டு, என்னால முடிஞ்சிருக்குமான்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சு மிஸ்டர் எம்மெட் என்றான்.

"ரிசீவர்னா உனக்கு டீம்ல எடம் நிச்சயம்" என்றேன். "செவ்வாக்கெழம டீம்லேருந்து ஆளுங்களக் கழிச்சு விடுறாங்க. குவார்ட்டர்பேக்குன்னு நின்னா நீ மூணாவது ஆளு. வீட்டுக்குப் போனாலும் போகணும்."

"தெரியும்." தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். "நீங்க எத்தன பேரப் பாத்திருக்கீங்க. சொல்லுங்க. என்னால முடியுமா?"

இந்தக் கேள்வியை இருபத்திநான்கு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கோச்சுகளிடம் கேட்பார்கள், ஏஜென்ட்டிடம் கேட்பார்கள். துணி துவைக்கிறவனிடம் எதற்குக் கேட்க வேண்டும்? முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பூசி மெழுகுவது என்று எனக்கே தெரிந்தது.

"தெரியாது தம்பி. எனக்குன்னு இல்ல, மேல இருக்கறவங்களுக்கும் தெரியாது. அடி விழறப்ப நீ நிப்பியா ஓடுவியான்னு எப்படித் தெரியும்? இங்க உன்ன ஒருத்தனும் தொட்டதில்லயே."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "வெள்ள போட்டா தொடலாமில்ல?"

"தொடலாம்."

எழுந்து அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவன் என்ன நினைக்கிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஒன்பது மணிக்குப் பயிற்சி தொடங்கியது. ஆகஸ்டு வெயில், ஒஹாயோவில் காற்றே இல்லாத நாள். முதல் குவார்ட்டர்பேக் அவன் முறையை முடித்தான், இரண்டாமவன் முடித்தான். மூன்றாவது முறைக்கு ஹால்வர்சன் மறுபடி முதலாமவனைக் கூப்பிட்டார். அதற்குள் பெட்வே வெள்ளைச் சட்டையோடு நடந்துவந்து குவார்ட்டர்பேக் நிற்கும் இடத்தில் நின்றுவிட்டான்.

"ஜேரியஸ், ரிசீவருங்க அந்தப் பக்கம்ப்பா."

"தெரியும் கோச். என் முறைய முடிச்சிட்டுப் போறேன். மூணே தடவ."

"நீ செவப்பு போடல."

"அதான் கோச்."

ஹால்வர்சன் மூஞ்சியில் ஈயாடவில்லை. தலைமை கோச் பிரன்னர் பின்னால் சின்ன வண்டியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லாதவர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "விடுப்பா, நிக்கட்டும்" என்றார். பிறகு நீலச் சட்டைக்காரர்களைப் பார்த்து, "ஒம்போது வெள்ள. தெரியுதில்ல?" என்றார்.

அவர்களுக்குத் தெரிந்தது. லெமுவேல் ஆட்கின்ஸ் கையுறையை இறுக்கிக்கொண்டான். நூற்று முப்பது கிலோ, பன்னிரண்டு வருஷமாக அவன் பிழைப்பே குவார்ட்டர்பேக்குகளைக் கீழே தள்ளுவதுதான். பையனுக்கு ஏதாவது ஆனால் அது என் வாயால் வந்த வினை.

முதல் முறை பந்து பெட்வே கைக்கு வந்தது. ஆட்கின்ஸ் ஒரே தள்ளில் எதிரில் நின்றவனை விலக்கிவிட்டு வந்தான். அந்த இரண்டடிக்கும் வந்துவிட்டான். விசில் வரவில்லை. பெட்வே தோளைச் சாய்த்தான். ஆட்கின்ஸ் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தான். அப்புறம் ஓட்டம். நாற்பது கெஜம், ஒரு கை அவன் மேல் படவில்லை. வேலியோரம் நின்ற ஊர்க்காரர்கள் கத்தினார்கள். நானும் என்னை மறந்து தண்ணீர் பாட்டிலைத் தரையில் தட்டினேன். இவ்வளவு அழகாக ஒரு மனிதன் ஓடிப் பார்த்து எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

ஆட்கின்ஸ் எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டான். திரும்பி வந்த பெட்வேயின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

"என்னா ஓட்டம்டா இது. உன்ன ஏன் ரிசீவராக்குறாங்கன்னு இப்பதான் எனக்குப் புரியுது."

பெரிய மனசோடுதான் சொன்னான். ஹால்வர்சனும் பிரன்னர் பக்கம் திரும்பிக் கையை விரித்தார், நான் சொன்னேன் பாருங்கள் என்பது போல. பெட்வே முகம் தலைக்கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் சுருங்கிப்போயிற்று. அவன் எவ்வளவு நன்றாக ஓடினானோ அவ்வளவு தோற்றிருந்தான். எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல் அசதியாக இருந்தது.

இரண்டாவது முறை. பந்து வந்தது. இடதுபுறம் முன்வரிசை பிளந்து ஒரு வழி திறந்தது, வீட்டுக் கதவு அகலத்துக்கு. அதற்கு அப்பால் வெறும் புல். அவன் இடது கால் அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். திரும்பிய கால் திரும்ப உள்ளே வந்தது. நின்றான். வலதுபுறம் ஆட்கின்ஸ் வருவது அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது, தரையே அதிர்கிறது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இருபது கெஜம் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டு நின்றான், இன்னும் நின்றான். போயேன்டா என்று நான் முணுமுணுத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்தில் அவன் ஓடிவிட வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

பந்து கையை விட்டதும் ஆட்கின்ஸ் வந்து மோதியதும் ஒரே சமயம். சோள மூட்டையை லாரியிலிருந்து தள்ளினால் வருகிற சத்தம் வந்தது. இருவரும் ஒன்றாகப் புரண்டார்கள். பந்து என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. வேலியோரத்துச் சத்தத்தை வைத்து யாரோ பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் இரண்டடி எடுத்துவைத்தார். பெட்வே படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி வேண்டாம் என்றான். புரண்டு, முழங்கால் போட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாயில் ரத்தம் இருந்தது. ஆட்கின்ஸ் இந்தத் தடவை முதுகில் தட்டவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிப் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹால்வர்சன் பிரன்னரைப் பார்த்தார். பிரன்னர் வண்டியிலிருந்து காலைக் கீழே இறக்கி வைத்தார். "மூணுன்னுதான சொன்னான்?" என்றார்.

ஒரு ஆட்டத்தால் என்ன தெரிந்துவிடும்? செவ்வாய்க்கிழமை வரப்போகிறது. நாளைக் காலை என் கதவுக்கு அடியில் என்ன வரி வரும் என்று எனக்குத் தெரியாது. அவன் இந்த வேலையில் நிலைப்பானா என்று கேட்டால் காலையில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்வேன். இந்த அடியையே வாரத்துக்கு எட்டுத் தடவை வாங்கி எத்தனை நாள் ஒரு உடம்பு தாங்கும் என்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டத்துக்காக அவர்கள் வட்டம் கூடினார்கள். இத்தனை நாளும் மூன்றாமவன் முறை வந்தால் அந்த வட்டத்தில் ஒருத்தன் வானத்தைப் பார்ப்பான், ஒருத்தன் ஷூ நாடாவைக் கட்டுவான். நான் நின்ற இடத்திலிருந்து பதினோரு வெள்ளை முதுகுகள் தெரிந்தன. குனிந்து, முழங்காலில் கையூன்றி, எல்லாம் ஒன்று போலவே இருந்ததால் அவன் எது என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பத்துத் தலைகள் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.