ஒன்றரை அடி

"அப்பா, எங்கட மண் அங்கால பறந்து போனா, பேந்து அது ஆரின்ர மண்?"

இதைக் கேட்டபோது துவாரகாவுக்கு ஏழு வயது. சமையலறை யன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். வெளியே ஏப்ரல் மாதத்துக் காற்று, அவர்கள் தோட்டத்து மண்ணை வாரி அடுத்த வீட்டு பேனாட்டின் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா சிறீஸ்கந்தராசா தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டார். கேட்ட பிள்ளையும் அதை அன்றைக்கே மறந்துவிட்டது.

தாய் தவமணி மறக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் கழிந்து, அதே சமையலறையில் குந்தியிருந்து, துவாயை வாளித் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து கதவடியில் திணித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிறீஸ்கந்தராசாவின் சவப்பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அவர் வருகிற நேரம் வீட்டுக்குள் மண் இருக்கக் கூடாது என்று அவளுக்கு இருந்தது.

டென்மார்க் என்றால் பனியும் மழையும்தான் என்று நினைத்து வருகிறவர்களை மேற்கு யூலன்ட் ஏமாற்றிவிடும். இந்தப் பக்கத்து மண் கடற்கரை மணலைப் போல இலேசானது. சித்திரையில் உழுது விதைத்த வயல்கள் பச்சை பிடிக்காமல் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு கிழமை மழை இல்லாமல், கிழக்கிலிருந்து காற்றும் எழும்பிவிட்டால், வயல் அப்படியே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். தெரு மறையும், பகலிலே கார்கள் விளக்குப் போட்டு ஊரும்.

"குவைத்தில பத்து வருசம் இருந்தனான் அண்ணி. அங்க மண் வந்தா பாலைவனத்தில இருந்து வருது எண்டு மனம் ஆறும். இஞ்ச பாருங்கோ, உருளைக்கிழங்குத் தோட்டத்தில இருந்தெல்லே வருது!" என்றான் குலேந்திரன். செத்தவரின் தம்பி. முதல் நாளே பிரெடெரிசியா நகரத்திலிருந்து வந்து, அழுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தான். கதைக்காமல் இருந்தால் அழுதுவிடுவான் என்று தவமணிக்குத் தெரியும்.

"அந்த மற்றத் துவாயை எடு தம்பி."

"நானே வைக்கிறன், நீங்கள் எழும்புங்கோ. அண்ணை யன்னல் பக்டரியில முப்பது வருசம் வேலை செய்தவர். அவற்ற வீட்டு யன்னலுக்குள்ளால மண் வருது. இதைக் கேட்டா அவரே சிரிப்பார்."

தவமணி யன்னலால் பார்த்தாள். புழுதிக்கு அப்பால், பேனாட்டின் கொடிக்கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமான கொடி பாதிக் கம்பத்தில் படபடத்தது. அயலில் ஒரு சாவு என்றால் இங்கே அப்படிப் பறக்கவிட்டு, சடங்கு முடிந்ததும் உச்சிக்கு ஏற்றுவார்கள். விடியற்காலையில், காற்று எழும்ப முன்னரே அவர் அதை ஏற்றியிருக்க வேண்டும். கொடிக்கும் அவளுக்கும் இடையில் உயிர்வேலி நின்றது. வேலியின் நடுவில் ஒரு பஸ் அளவுக்கு வெளி. அந்த வெளிக்குள்ளால் மண் ஆறு போல ஓடியது.

அந்த வெளி சிறீஸ்கந்தராசாவின் வேலை.

வீடு வாங்கிய வருடம், கொம்யூன் என்கிற நகரசபையில் காணி வரைபடம் எடுத்துவந்து, அளவு நாடாவின் ஒரு நுனியைத் தவமணியின் கையில் கொடுத்தார். அளந்து பார்த்தால், இரண்டு காணிக்கும் நடுவில் நின்ற முள்மர வேலி ஒன்றரை அடி இவர்கள் பக்கம் வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வேலிக் கதியால் தள்ளி நட்டதற்காகத் தகப்பனும் பெரியப்பனும் சாகும்வரை முகம் பார்க்காமல் இருந்ததைக் கண்டு வளர்ந்தவர் அவர். வேலி என்றால் அவருக்கு எல்லை. அதற்கு வேறொரு வேலை இருக்கும் என்று நினைக்க அவருக்கு வழியில்லை. பேனாட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். பேனாட் வரைபடத்தை நிதானமாகப் பார்த்து, "சரிதான், உங்களுடையதுதான். வெட்டலாம்," என்றார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆனால் காற்று வரும்," என்றார்.

"பாத்தனியே, காணி போகுதெண்ட உடன காத்தைக் கூட்டிக்கொண்டு வாறார்!" என்று சிறீஸ்கந்தராசா அன்று வீட்டுக்குள் வந்து சிரித்தார். தவமணியும் சிரித்தாள். நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தவள் அவள்தான்.

சமையலறைக்கு நேரே நின்ற மரங்களை வேரோடு கிளப்பினார்கள். அடுத்த ஏப்ரலில் காற்று வந்தது. பேனாட்டின் முளைவிட்ட உருளைக்கிழங்குகள் மண்ணுக்குள் போயின. அவருடைய சமையலறைக் கதவடியால் மண் உள்ளே போனது. அவர் ஈரச் சாக்கை மடித்துக் கதவடியில் வைத்தார். காற்று நின்றதும் கூட்டி அள்ளினார். யன்னலில் தவமணியைக் கண்டதும் கையசைத்தார். அன்றைக்குத்தான் துவாரகா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

சிறீஸ்கந்தராசா கடையில் பலகை வாங்கி அந்த இடத்தை அடைத்தார். மார்கழிப் புயல் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போய் பேனாட்டின் வயலில் எறிந்தது. பேனாட் அவற்றைப் பொறுக்கி, ஆணிகளைக் கழற்றி, அழகாக அடுக்கிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அப்போதும் வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சிறீஸ்கந்தராசாவால் தாங்க முடியாமல் போனது.

"அந்தாள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அண்டைக்கே மரம் நட்டிருப்பன்," என்பார். மண்வெட்டியோடு போய் நின்றால் பேனாட் பார்ப்பார். பார்த்தால் ஏதாவது கதைக்க வேண்டும். கதைப்பதற்குச் சிறீஸ்கந்தராசாவிடம் சொல் இருக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு றோல்ஸ் பொரித்துக் கொடுத்தனுப்புவார், பொங்கலுக்குப் பொங்கல் போகும். பேனாட்டின் மனைவி இறந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றார். ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஈரச் சாக்கு அந்தக் கதவடிக்கு வந்தது. இவர் யன்னல் திரையை இழுத்துவிட்டார்.

நோய் முற்றிய இந்த வருட மாசியில்தான், தவமணியைக் கார் ஓட்டச் சொல்லி நாற்றுப்பண்ணைக்குப் போய், ஒரு கட்டு முள்மரக் கன்றுகள் வாங்கினார். கொட்டிலுக்குப் பின்னால் சின்னக் கிடங்கு வெட்டி, வேர்களை ஈர மண்ணால் மூடி வைத்தார்கள். "பங்குனியில நடுவம்," என்றார். பங்குனியில் அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. கடைசிக் கிழமை, மருந்து மயக்கத்துக்குள்ளிருந்து கண் திறந்து கேட்டார்:

"வேர் காஞ்சிடுமே?"

"தண்ணி விட்டனான். நீங்கள் படுங்கோ."

அதற்குப் பிறகு அவர் தெளிவாக ஒன்றும் கதைக்கவில்லை.

பெட்டி ஏற்றிய கறுப்பு வாகனம் புழுதிக்குள்ளிருந்து மெதுவாக வந்து நின்றது. இறுதிச் சடங்குகளைப் பொறுப்பெடுத்து நடத்தும் ஜோனாஸ் இறங்கினான். இளைஞன், புழுதியில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எரிக்கப் போகும் முன் ஒருதரம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தவமணி கேட்டபோது, வழக்கமில்லாத காரியம் என்று தட்டாமல் ஒப்புக்கொண்டவன். சொந்தக்காரரெல்லாம் நேரே நகரத்து எரியூட்டு மண்டபத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். இங்கே தவமணி, துவாரகா, குலேந்திரன் மூன்று பேர்தான்.

வாசலில் பெட்டியைத் திறக்க முடியவில்லை. மூடிய வெள்ளைப் பெட்டியின் மேல் தவமணி கை வைத்தாள். துவாரகா பூ வைத்தாள், காற்று கொண்டுபோனது. மறுபடி வைத்துக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். குலேந்திரன் தேவாரம் தொடங்கினான். இரண்டாம் வரியில் வாய்க்குள் மண் போக, இருமினான், இருமல் அழுகையாகிவிட்டது.

ஜோனாஸ் கைப்பேசியோடு துவாரகாவிடம் வந்தான். டேனிஷில் ஏதோ சொன்னான். அவள் முகம் மாறியது.

"என்னவாம்?"

"அம்மா, பெரிய றோட்டுக்குப் போற வழி தெரியேல்லையாம். வரேக்குள்ளயே ரெண்டு தரம் கான் பள்ளத்துக்குள்ள இறங்கப் பாத்ததாம். பொலிஸ் ஓட வேண்டாம் எண்டுறாங்கள்."

"நிண்டு போவம்."

"மண்டபத்தில எங்கட நேரம் போனா, பேந்து ஈஸ்டர் முடியத்தானாம்."

"கிழமைக் கணக்கா ஐஸ் பெட்டிக்குள்ளயே? என்ர அண்ணனையே?" என்று குலேந்திரன் கிளம்பினான். "நான் முன்னால நடக்கிறன். குவைத்தில நாங்கள் லொறிக்கு முன்னால லாம்பு பிடிச்சுக்கொண்டு நடந்தனாங்கள்!"

"பதினைஞ்சு கிலோமீற்றரோ சித்தப்பா?" என்றாள் துவாரகா. அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தவமணி முருகா என்று மனதுக்குள் ஒரு தரம் சொன்னாள். அப்போது வேலியின் வெளிக்குள்ளே, மண் ஓடிக்கொண்டிருந்த அதே இடத்தில், ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. ட்ராக்டர். சுற்று வழியே வாசலால் வர நேரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மரம் இல்லாத அந்த வெளியாலேயே பேனாட் ஓட்டிக்கொண்டு வந்தார்.

இறங்கவில்லை. ஜோனாஸிடம் சத்தமாக, "என் விளக்கைப் பார்த்துக்கொண்டு வா. எனக்குக் கண்ணை மூடினாலும் இந்த வழி தெரியும்," என்றார். பிறகு தவமணியைப் பார்த்துத் தலை குனிந்தார். அவருடைய வேலைச் சட்டையின் கழுத்துக்குள்ளே கறுப்புக் கழுத்துப்பட்டி தெரிந்தது. செத்தவீட்டுக்கென்று உடுத்து ஆயத்தமாக இருந்திருக்கிறார்.

தவமணி வாகனத்தில் ஜோனாஸுக்குப் பக்கத்தில் ஏறினாள். பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் துவாரகாவின் கார். வெளியே எதுவுமே இல்லை. மேலும் கீழும் ஒரே மண்நிறம். முன்னால் அந்த ஒரு வெளிச்சம் மட்டும் சுற்றிக்கொண்டு போனது. மணல் வாகனத்தில் உரசுகிற சத்தம், அரிசி புடைக்கிற சத்தத்தைப் போலிருந்தது. ட்ராக்டர் இரண்டு இடத்தில் நின்று, முன்வாளியால் தெருவில் குவிந்த மணலைத் தள்ளிவிட்டுத் திரும்பப் போனது. யாரும் அவசரப்படவில்லை. தன் மனிதர் வாழ்நாளில் இவ்வளவு ஆறுதலாக எங்கேயும் போனதில்லை என்று தவமணி நினைத்தாள்.

காடு தொடங்கும் இடத்தில் பட்டென்று வானம் தெரிந்தது. பேனாட் ட்ராக்டரை ஓரமாக விட்டு இறங்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராக நின்றார். வாகனம் அவரைக் கடந்தது. ட்ராக்டரில் நகரத்துக்கு வந்து சேர நேரம் போதாது. அவர் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் அப்படியே நின்றார்.

மண்டபத்தில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். எரியூட்டும் பொத்தானை அமத்தத் துவாரகா போனாள்; தாயையும் கூப்பிட்டு, தாயின் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து அமத்தினாள்.

மாலையில் வீடு திரும்பியபோது பேனாட்டின் கொடி கம்பத்தின் உச்சிக்கு ஏறியிருந்தது.

"அந்தாளுக்கு ஒரு நல்ல விஸ்கிப் போத்தில் குடுக்கோணும் அண்ணி. நாளைக்குப் போய் நான் கதைக்கிறன்," என்றான் குலேந்திரன்.

"போத்தில் வேண்டாம் தம்பி," என்றாள் தவமணி.

"பின்ன?"

"சாப்பிட்டிட்டுப் படு."

மறுநாள் விடியும்போது காற்று செத்திருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. துவாரகா, சின்ன வயதில் படுப்பதைப் போலக் கையைத் தலைக்கு மேலே எறிந்து தூங்கினாள். மற்ற அறையில் குலேந்திரனின் குறட்டை. தவமணி முகம் கழுவிக்கொண்டு சாமியறைப் பக்கம் போய், வெளியே நின்றே கும்பிட்டாள். சாவுத் துடக்கு, உள்ளே போய் விளக்கேற்றக் கூடாது. மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று எந்த ஐயரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் மண்ணை விலக்கினாள். வேர்கள் ஈரமாகவே இருந்தன. ஒன்றிரண்டு கன்றுகளில் மொட்டு பச்சையாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. கன்றுக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வேலி வெளிக்குப் போனாள்.

அளவு நாடா கொட்டிலுக்குள் ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. இந்தப் பக்கம் நின்ற பழைய மரத்தையும் அந்தப் பக்கம் நின்ற பழைய மரத்தையும் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி நேர் பிடித்தாள். அந்த நேரிலேயே முதல் கிடங்கை வெட்டினாள். ட்ராக்டர் சில்லின் தடம் ஆழமாகப் பதிந்திருந்த இடத்தில் மண் இறுகிக் கிடந்தது. அங்கே மட்டும் மண்வெட்டியைக் காலால் மிதிக்க வேண்டியிருந்தது. கன்றை வைத்து, வேரை விரித்து, மூடி, மிதித்து, தண்ணீர் ஊற்றினாள். பிறகு அடுத்தது. இடுப்பு வலித்தபோது நிமிர்ந்தாள். பேனாட்டின் வீடு இருட்டாகவே இருந்தது. கதவடியில் மடித்து வைத்த ஈரச் சாக்கு மண் ஏறித் தடித்துக் கிடந்தது.

கடைசிக் கன்றை அவள் நட்டு முடித்தபோது வானம் முழுதாக வெளுத்துவிட்டது. மண்வெட்டியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தாள். சமையலறைக் கதவைத் திறந்து, நேற்றுத் திணித்த துவாயை இழுத்தாள். மண் ஏறி, பிள்ளையைத் தூக்குவது போலப் பாரமாக இருந்தது. மடிப்புக் குலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மறுபடி வேலிக்கு நடந்தாள். கன்றுகளின் அடியில் குனிந்து, சத்தம் வராமல், மெல்ல உதறினாள்.