மக்கீன் நானாவின் கூல் பார்

கோயில் திருநாள் மலருக்கு எங்கள் ஊர் கூல் பாரின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அது 2006 கோடை, ஒரு சனிக்கிழமை. மலர்க்குழு பேனாட் அண்ணை காலையிலிருந்து மூன்று முறை போன் எடுத்துவிட்டார். மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் வீட்டில் குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்து கால் உளைந்ததுதான் மிச்சம்.

மற்றதெல்லாம் எழுதியாயிற்று. மன்னார்ப் பக்கத்து எங்கள் சின்ன ஊரில் முதன்முதலாகப் பிரிட்ஜ் வைத்த கடை, உயரமான கண்ணாடிக் கிளாசில் பலூடா, ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் சோடாவுக்கு முண்டியடிக்கும் சனம். முதல் வசனம் மட்டும் உறுத்தியது. அது அப்பா தன் பேரைப் போடச் சொல்லி எழுதியது. ‘இக்கடையை நிறுவியவர் திரு. அருமைராசா.’

பச்சைப் பொய். நிறுவியவர் மக்கீன் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறாம் ஆண்டு ஆயுத இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கடைத் திறப்பை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அவர் குடும்பத்தோடு வள்ளம் ஏறியதைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் கடையின் பெயர்ப்பலகை மாறிவிட்டது.

அப்பா சோபாவில் இருந்து ரிமோட்டை அமத்திக்கொண்டிருந்தார். ஒரு சனலிலும் நிற்கவில்லை.

“அப்பா, மக்கீன் நானாவின்ரை பேரைத்தான் போடப்போறன்.”

“ஏன் பிள்ளை இப்ப தேவையில்லாத கதை? ஊர்ச்சனம் வாசிக்கிற புத்தகம்.”

“ஊர்ச்சனத்துக்குத் தெரியாதோ?”

“தெரியும். ஆரும் கேட்டவையோ?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறென்று போய்க் கணினியில் அந்த வசனத்தை அழித்துவிட்டு மக்கீன் என்று அடித்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். கதிரையைத் தன் பக்கம் திருப்பினார்.

“போடுறதெண்டால் முழுக்கப் போடு. ரெண்டாயிரத்து ரெண்டிலை சண்டை நிண்டாப்பிறகு, ஆரிட்டையோ நம்பர் வாங்கி அவன் இஞ்சை கோல் எடுத்தவன். கடை இருக்கோ எண்டு கேட்டான். ஷெல் விழுந்து போட்டுது எண்டு சொன்னன்.”

“ஷெல்லோ? கடை இப்பவும் நிக்குதே, அப்பா!”

“நிக்குது. தொண்ணூத்தி நாலிலை அதை வித்துத்தானே உங்களை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஷெல் எண்டவுடனை அவன் கடையைப் பற்றிப் பேந்து ஒண்டும் கேக்கேல்லை. ‘பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?’ எண்டுதான் கேட்டான்.”

இவ்வளவு நேரமும் அப்பாவை மட்டும் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன். அடித்ததை அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன்: ‘மக்கீன் நானா கட்டிய கடை இது. அவரைக் கேட்காமல் அதை விற்றுத்தான் நான் மொன்றியல் வந்தேன்.’

அப்பா இரண்டு தரம் வாசித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன்.