லிப்ட் மேஸ்திரியின் சாரி போர்டு

அந்தக் கடையில் போர்டு எழுதுவார்கள், பேனர் அடிப்பார்கள், கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எதுவானாலும் பெரியவர் பார்த்துத் தலையசைக்காமல் மெஷினுக்குப் போகாது. அவருடைய அப்பா கடையைத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். எழுத்துப் பிழை என்று ஒரு போர்டும் அந்தக் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பேர்தான் குடும்பத்துக்குச் சொத்து.

பெரியவருக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. சாரி. வருகிறவர்கள் எல்லாம் "ஒரு சாரி போர்டு குடுங்க" என்பார்கள். எந்த சாரி என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

"காலை மிதிச்சாலும் சாரி, காது கேக்கலைன்னாலும் சாரி, கைமாத்து இல்லைன்னாலும் சாரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சாரி. ஒரே சட்டையை வீட்டுல எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று மருமகளிடம் அலுத்துக்கொள்வார்.

"துவைக்கிற வேலை மிச்சம்தானே மாமா" என்பாள் அவள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சிரித்தாலும் அவர் விடவில்லை. லிப்ட் நின்றுபோனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. விடுதியில் அறை காலியில்லை என்றால் 'மன்னிக்கவும்'. கடை திறக்கத் தாமதமானால் 'பொறுத்தருள்க'. விலைப்பட்டியலில் தவறு வந்தால் 'பிழை பொறுக்கவும்'. இறந்தவருக்கு 'ஆழ்ந்த இரங்கல்'. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரக் கூடாது. மருமகள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தாள். எல்லாவற்றையும் 'சாரி' என்ற ஒரே பெயரில்தான் போட்டுவைத்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

பெரியவரும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தார். சில மாதங்களாக எழுத்தெல்லாம் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிந்தது. சொன்னால் மகன் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும். "நீங்க வீட்டுல ஓய்வெடுங்கப்பா." வீட்டில் ஓய்வெடுப்பதற்கா அவர் பிறந்தார்? காகிதத்தைக் கை நீட்டிப் பிடிப்பார். படிக்கிறவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொள்வார். பிறகு தலையசைப்பார்.

ஒரு நாள் லிப்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நெடுநாள் வாடிக்கை. "எங்க மேஸ்திரி மாரடைப்புல இறந்துட்டாரு. அவசரமா ஒரு சாரி பேனர் வேணும், படத்தோட." மருமகள் அந்தக் கம்பெனிக்கு எப்போதும் அடிக்கிற சாரியை எடுத்தாள். மேஸ்திரியின் படத்தை வைத்தாள், பேரை ஏற்றினாள், கீழே இருந்த வரியை மாற்ற மறந்தாள். பெரியவரிடம் மாதிரித்தாளைக் காட்டினாள். ஒரு முகம், கீழே கறுப்பாக ஏதோ வரிகள். அவர் தலையசைத்தார்.

மறுநாள் காலையில் கம்பெனி மேனேஜர் போனில் கத்தியது தெருவரைக்கும் கேட்டது. துக்க வீட்டு வாசலில், சிரித்த முகமாக இருந்த மேஸ்திரியின் படத்துக்குக் கீழே இப்படி இருந்ததாம்: 'தடங்கலுக்கு வருந்துகிறோம். படிக்கட்டைப் பயன்படுத்தவும்.'

மருமகளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "புது பேனரை அடி. வண்டியை எடு. போலாம்" என்றார்.

வண்டியை ஓட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "மாமா, உங்ககிட்ட காட்டாமலே அடிச்சிட்டேன்னு நான் சொல்லிடறேன். சின்னவதானே, திட்டினா வாங்கிக்கறேன். நீங்க பார்த்தும் தப்பு வந்துச்சுன்னு தெரிஞ்சா கடைப் பேரு என்ன ஆகறது?"

அவள் சொன்னதில் கணக்குப் பிசகில்லை. ஆனால் இன்னொரு வீட்டில் பிறந்து வந்த பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காப்பாற்றுகிற பேர், ஒரு பேரா? போனதும் என்ன சொல்வது என்று பெரியவர் யோசித்தார். வருந்துகிறோம், மன்னிக்கவும், பொறுத்தருள்க. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு சுவரில் அவர் கடை தொங்கவிட்டதாகவே நினைவுக்கு வந்தது.

துக்க வீட்டு வராந்தாவில் பழைய பேனரைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். மேனேஜர் எழுந்து வந்தார்.

"யாரு பார்த்த வேலை இது?"

"நான்தான் சார், மாமாகிட்ட காட்டாம..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் பெரியவர். முதுகு வளையவில்லை. "அடிச்சது அவ. பார்த்து சரின்னு சொன்னது நான். எனக்குக் கொஞ்ச நாளா எழுத்து சரியாத் தெரியல. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா தலையாட்டினேன். தப்பு என்னுது."

"அப்ப இவ்வளவு நாளா கண்ணை மூடிக்கிட்டுத்தான் எங்களுக்கு போர்டு குடுத்தீங்களா?" என்றார் மேனேஜர். "பெரிய மனுஷன்னு நம்பினோம். இனிமே நாங்க வேற கடை பார்த்துக்கறோம்."

"பார்த்துக்குங்க" என்றார் பெரியவர். அதற்கு மேல் கெஞ்ச அவருக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து மேஸ்திரியின் மனைவி வந்தாள். அழுது ஓய்ந்த முகம். "புதுசுல என்னங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

மருமகள் பேனரைப் பிரித்துக் காட்டினாள். மேஸ்திரியின் மனைவி நிதானமாகப் படித்தாள்.

"அவருக்கு இவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் ஆகாது. படமும் பேரும் போதும். வருத்தத்தை நாங்க பட்டுக்கறோம்."

மருமகள் பையிலிருந்து பிளேடை எடுத்தாள். பெரியவர் தரையில் மண்டியிட்டு பேனரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். 'ஆழ்ந்த இரங்கல்' ஒரு பட்டையாகக் கழன்று வந்தது. மிச்சத்தை இருவருமாக வாசலில் கட்டினார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்கள்.

திரும்பும் வழியில் மருமகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"என் பேரைச் சொல்ல விட்டிருக்கலாம் மாமா. கம்பெனி ஆர்டர் போயிடுச்சே."

"போனா போகுது. அந்த மாதிரி காப்பாத்தி என்ன செய்ய?"

"கண் டாக்டர்கிட்ட நாளைக்கே போறோம். நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சரி."

"அவர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"உன் புருஷன்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றவர், சற்றுப் பொறுத்து, "உன் மாமியார்கிட்ட மட்டும் இப்போதைக்கு வேணாம். மூக்குக்கண்ணாடி மாத்துங்கன்னு அவ நச்சரிக்கத் தொடங்கி எவ்வளவு நாளாச்சு. இப்பத் தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா" என்றார்.